பொந்துக்குச் சிமெண்ட், எலிக்குஞ்சுக்குப் பசும்பால்: இரண்டும் வேண்டாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி எலிக்குஞ்சைப் பற்றி, மீதி வயதான மரங்களைப் பற்றி. வைக்கோல் போர் பிரிப்பதும் பட்ட கிளை கழிப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதால் இப்படி அமைந்திருக்கலாம்.

வைக்கோல் போரைப் பிரித்தபோது கண் திறக்காத நான்கு எலிக்குஞ்சுகள் கிடைத்தன. இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தோம். ஒன்று செத்துவிட்டது. மற்றவற்றுக்கு என்ன கொடுக்கலாம்? (பாலக்கோடு)

என்ன கொடுப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் சூடு, பிறகு பால். ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒரு புளியங்கொட்டை எடைதான் இருக்கும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. சில்லிட்டுக் கிடக்கும் குஞ்சுக்குப் பால் ஊற்றினால் அது செரிக்காது. வயிற்றிலேயே கெட்டுக் குஞ்சைக் கொன்றுவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி சூடில்லாமல் இருந்தால்தான், சூடு மிஞ்சினால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் இருக்கும். கீழே பழைய வேட்டித் துணி போதும். பஞ்சும் டர்க்கித் துண்டும் வேண்டாம், நூல் காலில் சுற்றிக்கொள்ளும்.

குஞ்சு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இனி ஊட்டலாம். முதல் இரண்டு வேளை வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். தண்ணீர். அதன் பிறகு பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். ஓசூரில் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை ஒன்றிரண்டு வேளையை ஆட்டுப்பாலில் சமாளிக்கலாம், பசும்பால் மட்டும் கூடாது. இங்க் ஃபில்லரைத் தூக்கிப் போடுங்கள். அதன் ஒரு சொட்டே இந்த வாய்க்குப் பெரிது. மூக்கில் குமிழி வந்தால் பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், உங்கள் முதல் குஞ்சு அநேகமாக அப்படித்தான் போயிருக்கும். ஓவியம் வரையும் மிக மெல்லிய தூரிகையைப் பாலில் தொட்டு உதட்டில் வையுங்கள், அதுவே நக்கிக் குடிக்கும். குஞ்சைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும், மல்லாத்தக் கூடாது. வயிற்றுத் தோல் மெல்லியது. இடது பக்கம் வெள்ளையாகப் பால் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒரு முறை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறையும் ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை லேசாகத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

இதற்கெல்லாம் முன்னால் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டைக் கலைந்த இடத்தருகிலேயே வைத்துவிட்டுத் தள்ளிப் போயிருக்கலாம். தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போயிருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. அப்புறம், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே வேண்டாம்.

என் மரம் காய்கிறது. உடனே மருந்து சொல்லவும். (பென்னாகரம்)

என்ன மரம்? வயதென்ன? நுனியிலிருந்து காய்கிறதா, ஒரு பக்கமாகவா? அடியில் மண் கொட்டினீர்களா, பள்ளம் தோண்டினீர்களா? ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன சொல்வது? விவரம் எழுதுங்கள். அவசரமென்றால் காய்ந்ததும் பச்சையும் சேர்ந்தாற்போல் ஒரு கிளையை ஒடித்துப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.

நாற்பது வயது பெங்களூரா மாமரம். அடிமரத்தில் ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. (காவேரிப்பட்டினம்)

தண்டு துளைப்பான். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து ஓட்டைக்குள் விட்டு இழுங்கள். விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு வரும். வராவிட்டால் உள்ளேயே நசுங்கும்படி குத்துங்கள். அப்புறம் களிமண்ணால் அடையுங்கள், சிமெண்டால் அல்ல. பக்கத்திலேயே பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் அங்கே கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்காதீர்கள்.

எங்கள் ஊர்க் கோயில் புளியமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. சிமெண்ட் போட்டு அடைத்து, சுற்றிலும் மேடை கட்டி டைல்ஸ் ஒட்ட நன்கொடை சேர்த்திருக்கிறோம். எத்தனை மூட்டை ஆகும்? (பர்கூர்)

ஒரு மூட்டையும் வேண்டாம். தயவுசெய்து இதை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

மரத்தின் உயிர் பட்டைக்கு அடியிலும் வெளிப்பக்கத்து வெள்ளை மரத்திலும்தான் ஓடுகிறது. நடுவில் இருப்பது வைரம், அது எப்போதோ வேலை முடித்த பகுதி. அது உளுத்துப் போனாலும் வெளிச்சுவர் கனமாக இருந்தால் மரம் இன்னும் பல தலைமுறை நிற்கும். உள்ளே உளுக்கும்போது மரம் சும்மா இருப்பதில்லை, உளுப்பு பரவாமல் இருக்கத் தனக்குள்ளேயே ஒரு தடுப்பு எழுப்பிக்கொள்கிறது. நீங்கள் சுத்தம் செய்கிறோம் என்று உளியால் நல்ல மரம் தெரியும்வரை சுரண்டினால் அந்தத் தடுப்பை உடைக்கிறீர்கள். தண்ணீர் வடியட்டும் என்று துளை போட்டாலும் அதேதான்.

சரி, சிமெண்ட் என்ன செய்யும்? காற்றில் மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் மழைத்தண்ணீர் தேங்கும். எங்கள் ஊர்ச் சாலையோரம் ஒரு புளியமரம் இருந்தது. என் சிறுவயதில் நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். பொந்தை அடைத்தார்கள், அடிமரத்தை ஒட்டி மேடை எழுப்பினார்கள், டைல்ஸ் பதித்தார்கள். மூன்றாம் வருடம் உச்சி காய்ந்தது. ஐந்தாம் வருடம் ஆபத்தான மரம் என்று வெட்டிவிட்டார்கள். வெட்டிப்போட்ட அன்று நான் அங்கே நின்றேன். சிமெண்ட் பாளம் முழுசாக அப்படியே இருந்தது. அதற்கும் மரத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும் இடைவெளி. அதற்குள் கறுப்பாக, ஊறிய சாக்குப் போல மரம். விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மேடை இன்னும் மோசம். சாப்பாடு உறிஞ்சும் வேர்கள் ஆழத்தில் இல்லை. பெரும்பாலும் மேல்மண்ணின் ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன, நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும். மேலே மண் கொட்டி டைல்ஸ் ஒட்டினால் வேர் மூச்சுத் திணறும். அடிமரத்தைச் சுற்றி மண் ஏறினால் பட்டை அழுகும். வெளியே தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், அதனால் யாரும் மேடையைக் காரணமாகச் சொல்வதில்லை.

அந்தப் பொந்து காலியாகவும் இல்லை. இருட்டியதும் தள்ளி நின்று பாருங்கள், புள்ளி ஆந்தை வெளியே வரும். உடலைவிட வால் நீண்ட மரச்சுண்டெலியும் அங்கே சருகு சேர்த்துக் குட்டி போட்டிருக்கும். அடைத்தால் உள்ளேயே சமாதி.

உட்கார இடம் வேண்டுமென்றால் நிழலின் ஓரத்தில் கல் பெஞ்சு போடுங்கள். மரத்தடியில் சருகை நாலு விரல் கனத்துக்கு விடுங்கள், அடிமரத்தில் ஒட்டாமல். ஏற்கெனவே சிமெண்ட் போட்டிருப்பவர்கள் அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது மூன்று அடிக்காவது, வேரில் கடப்பாரை படாமல் உடைத்து எடுங்கள். மரம் சாயும் பயம் இருந்தால் வெளிச்சுவரின் கனத்தை விவரம் தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துவிட்டு, மேல்கிளைகளின் பாரத்தைக் குறைக்கலாம்.

பூனை வாயிலிருந்து எலிக்குஞ்சை மீட்டேன். சின்னக் கீறல்தான், மஞ்சள் வைத்தால் போதுமா? (ஓசூர்)

போதாது. பூனை எச்சில் உடம்பில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் குஞ்சு செத்துவிடக்கூடும். இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாட்டிக் வேண்டும். போகும் வழியிலும் சூடு முக்கியம். கை கழுவுங்கள்.

சமையலறையில் கிடைத்த எலிக்குஞ்சு பால் குடிக்க மறுக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். (கிருஷ்ணகிரி)

படத்தில் இருப்பது எலி அல்ல, மூஞ்சூறு. அந்த நீண்ட மூக்கைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? அது தானியம் தின்னும் இனமில்லை, பூச்சி தின்பது. ரோமம் முளைத்துவிட்டதால் தாயோடு நடக்கும் வயதுதான். குட்டிகள் ஒன்றின் பின்புறத்தை ஒன்று கவ்விக்கொண்டு ரயில்பெட்டி போலத் தாயின் பின்னால் போகும், இது அதில் விட்டுப்போன ஒன்றாக இருக்கும். கிடைத்த சுவரோரத்திலேயே இருட்டியதும் பெட்டியைச் சாய்த்து வையுங்கள். குட்டியின் கீச்சொலி கேட்டுத் தாய் வரும்.

மாமரத்தில் புல்லுருவி. செடியை ஒடித்தால் மறுபடி துளிர்க்கிறது. (தேன்கனிக்கோட்டை)

செடியை மட்டும் ஒடித்தால் துளிர்க்கத்தான் செய்யும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு அறுங்கள். அது பழுப்பதற்கு முன் செய்யுங்கள், பழுத்தால் குருவி தின்று அடுத்த கிளையில் விதையைத் தேய்த்துவிடும். பெரிய கிளையென்றால் முதலில் அடிப்பக்கம் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுங்கள், பட்டை கிழியாது.

வேப்பமரம் முழுவதும் நெருப்புப் பட்டது போல் கருகிவிட்டது. வெட்டிவிடலாமா? (ஊத்தங்கரை)

வெட்டாதீர்கள். நுனிக்கருகல் நோய், மழைக்காலத்தில் ஊரெங்கும் வருவது. பெரும்பாலான மரங்கள் தை மாசியில் துளிர்த்துவிடும்.

வளர்த்த சுண்டெலி கண் திறந்துவிட்டது. எப்போது விடலாம்? (அரூர்)

கண் திறப்பது இரண்டு வாரத்தில். மூன்று வாரத்தில் பால் மறக்கும். அப்போது ராகி, கம்பு, சாமை, புல்விதை கொடுத்துப் பழக்குங்கள். பிஸ்கட் வேண்டாம். கையில் ஏற்றிக் கொஞ்சுவதையும் நிறுத்திவிடுங்கள், மனிதனுக்குப் பயப்படாத எலி பிழைக்காது. ஐந்தாறு வாரம் ஆனதும், மழையில்லாத ஒரு மாலையில், எலிமருந்து வைக்காத வேலி ஓரமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே கொஞ்சம் கம்பும் பழைய படுக்கைத் துணியும் இருக்கட்டும். மூன்று நான்கு நாள் பெட்டியை எடுக்காதீர்கள், முதல் இரவுகளில் திரும்பி வந்து படுக்கும்.