52 வருடமாக எடை தூக்குகிறேன்: கேளுங்கள், சொல்கிறேன்

எனக்கு வயது 76. பார்பெல்லை, அதாவது இரண்டு பக்கமும் எடை மாட்டும் நீளக் கம்பியை, முதலில் பிடித்தபோது 24. இப்போதும் வாரத்துக்கு மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை. வயதானவர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்தவன், அவ்வளவுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கே: எனக்கு 68 ஆகிறது ஐயா. டம்பெல்லைத் தொட்டதே இல்லை. இனிமேல் தொடங்கி என்ன ஆகப்போகிறது?

68 எல்லாம் இதில் இளமை. 1990-இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு, முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைக் கால் தசைக்கு எடை தூக்க வைத்தது. எல்லோரும் தொண்ணூறை ஒட்டிய வயது, தளர்ந்த உடம்பு. பயந்து பயந்து கொடுத்த எடையும் இல்லை. அவரவர் ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதம் வரை போனார்கள். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்துக் கிலோ தள்ளியவர் 27 கிலோ தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையின் பருமன் கூடியது 9 சதவீதம்தான். மிச்ச பலமெல்லாம், தூங்கிக்கிடந்த தசையை நரம்பு தட்டி எழுப்பியதால் பெரும்பாலும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது.

கே: 57 வயது. 30 வருடப் பழக்கம். டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பார்பெல்லைத் தூக்கி நிமிர்வது) எடை வருடா வருடம் இறங்குகிறது அண்ணா. மனசே விட்டுப்போகிறது.

இறங்கத்தான் செய்யும் தம்பி. முதுகுத்தண்டிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் வயதாக ஆகக் குறைகின்றன. அதில் அதிகம் அடிபடுவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். எவ்வளவு தூக்கினாலும் இதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் இறங்கும் படி வேறு, ஒன்றுமே செய்யாதவர் இறங்கும் படி வேறு. 70 வயதில் நீங்கள் வந்து நிற்கும் பலத்தை, உங்கள் வயதுக்காரர் பலர் 50-லேயே கடந்து கீழே போயிருப்பார்கள்.

நான் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் புது நோட்டு. ஐம்பது முடிந்ததும் பழைய நோட்டைப் பரணில் போட்டேன். அறுபதில் புதுக் கணக்கு, எழுபதில் இன்னொரு கணக்கு. எழுபதுக்குப் பிறகு எழுதிய எடைதான் இன்று எனக்குச் சாதனை. போன மாதம்கூட ஒன்றை முறியடித்தேன். முப்பது வயதுக்காரனான என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் எப்போதோ ஜிம்மை விட்டிருப்பேன்.

கே: குறைந்த எடை, நிறைய ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) போதாதா?

தசை பருமனாக, களைக்கும்வரை செய்தால் அதுவும் உதவும். பலத்துக்கும் எலும்புக்கும் கனம் வேண்டும். 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரண்டு தடவை அரை அரை மணி நேரம் நல்ல கனம் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார் என்பதை மறக்கவேண்டாம். தனியாளாகச் செய்பவர் இன்னும் இரண்டு ரெப் வரும் என்கிறபோதே எடையைக் கீழே வைத்துவிடுங்கள். கடைசி ரெப்பில் முகம் கோணுவதெல்லாம் வாலிபப் பிள்ளைகளுக்கு.

கே: பலம் இருக்கிறது, ஆனாலும் தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயம்.

நியாயமான பயம். தடுக்கினால் காலை முன்னால் வைத்து ஊன்ற ஒரு நொடிகூடக் கிடைக்காது. அங்கே வேண்டியது வேகம். பலத்தைவிட வேகம்தான் வயதோடு சீக்கிரம் கரைகிறது. நாமோ எல்லாவற்றையும் மெதுவாகவே செய்து பழகுகிறோம். நாற்காலியிலிருந்து விசுக்கென்று எழுந்திருங்கள், உட்காரும்போது மூன்று எண்ணி உட்காருங்கள். ஐந்து தடவை செய்தால் ஒரு செட், அப்படி மூன்று செட். இதோடு சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பதும் சேரட்டும்.

கே: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கலாமா?

பிரஷர் கட்டுக்குள் இருந்து, மருத்துவர் சரி என்றால் தூக்கலாம். மூச்சை அடக்காதீர்கள், தம் கட்டித் தூக்கும்போது பிரஷர் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். பீட்டா பிளாக்கர் என்ற வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்கவேண்டாம், அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது.

கே: புரதம்?

வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை, மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: என் மாமனாருக்கு 86. இன்னும் பார்பெல் தூக்குகிறார். போதும் என்று எப்படிச் சொல்வது?

ஏன் சொல்லவேண்டும் அம்மா? பார்பெல்லைத் தாங்கும் சட்டமான ரேக்கில் பாதுகாப்புக் கம்பி போட்டிருக்கிறாரா, தனியாகத் தூக்காமல் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைப்பதுதான் எனக்குப் பயம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது.

கே: அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவர் அனுமதித்த பிறகு, பழைய எடையில் பாதிக்கும் கீழே. எனக்கு 63-இல் ஹெர்னியா. மூன்று மாதம் கழித்து வெறும் கம்பியோடு நின்றேன். பழைய தசைக்கு ஞாபகம் உண்டு, முதல் தடவையைவிடச் சீக்கிரம் திரும்பும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்தான் மெதுவாகத் தேறும், அதன் வேகத்துக்கு நடங்கள்.

கே: உங்களுக்கு முன்மாதிரி யார்?

எல்லோரும் அமெரிக்க உடற்பயிற்சி ஆசான் ஜாக் லலேன் பெயரைச் சொல்வார்கள். 2011-இல் 96 வயதில் இறந்தவர், கடைசிவரை பயிற்சியை விடவில்லை. நம் நாட்டு பாடிபில்டர் மனோகர் ஆய்ச் 1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கி, நூறைத் தாண்டி வாழ்ந்தார். எனக்குப் பிடித்தவர் சார்லஸ் யூக்ஸ்டர், பல் மருத்துவர். கண்ணாடியில் தன் உடம்பைப் பார்க்கச் சகிக்காமல் 87 வயதில் தசை வளர்க்கப் போனார். 95-இல் தன் வயதுப் பிரிவு ஓட்டப்பந்தயத்தில் உலக சாதனை. கடற்கரையில் நல்ல உடம்போடு நடக்கவேண்டும் என்ற ஆசையும் உண்டு என்று ஒத்துக்கொண்டார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே.