மேற்கு வேலிக்குத் தகரமா, கதியாலா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவின் மேற்கு வேலியில் கிடுகை (பின்னிய தென்னோலை) கறையான் தின்றுவிட்டது, கதியாலும் (வேலியாக நட்டு வளர்க்கும் உயிர்த்தடி) பாதி பட்டுப்போனது, முழுக்கத் தகரம் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானென்றால் அடிக்கமாட்டேன். பின்னேர வெயில் நேரே படுகிற பக்கம் அது. தகரம் கொதித்தால் அந்த வெக்கை முற்றத்துக்குள்தான் வரும். கிடுகுக்குள்ளால் கொஞ்சமாவது காற்றுப் போகும். தகரம் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றை முழுதாகத் தாங்க வேண்டும், தூண் ஆழமாக இல்லாவிட்டால் சரிந்துவிடும். உங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும், கிடங்கு வெட்டக் கூலியும் கூடும்.

பத்து அடிக்கு ஒரு கொங்கிறீற் தூண் நட்டு, முட்கம்பி இழுத்து, இடையில் சீமைக்கிளுவைக் கதியால் போடுங்கள். அதை இப்போதே நட வேண்டாம். ஐப்பசியில் மழை தொடங்க நட்டால் கார்த்திகை, மார்கழி ஈரத்தில் தானாக வேர்விடும். கைமொத்தத் தடியாக, மேல்வெட்டுச் சரிவாக, தோல் உரியாமல் வெட்டச் சொல்லுங்கள். ஆடு வளர்த்தால் தீனிக் குழைக்கும் அலையத் தேவையில்லை. அது தழைக்கும்வரை மறைப்புக்குப் பனையோலை கட்டலாம். அடி நிலத்தில் முட்டாமல் நாலு விரல் விட வேண்டும், முட்டினால் கறையான் திரும்ப ஏறும்.

அப்புறம், எல்லை. எங்கள் ஊரில் வேலிச் சண்டை கோடு (நீதிமன்றம்) ஏறினால் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? பழைய கதியாலைப் பிடுங்குமுன் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, காணி உறுதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைப் பாருங்கள். கல் தெரியாவிட்டால் நில அளவையாளரைப் பிடியுங்கள்.