எல்எல்சியை எந்த மாநிலத்தில் பதிவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் எல்எல்சி (உரிமையாளரின் சொந்தச் சொத்தைத் தொழில் கடன்களிலிருந்து பொதுவாகப் பிரித்துக் காக்கும் நிறுவன வகை) தொடங்குவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த மாநிலம் மலிவு?" என்பதுதான். நீங்கள் எங்கே உட்கார்ந்து தொழில் பார்க்கிறீர்களோ, பெரும்பாலும் அதுதான் சரியான மாநிலம். நம்மவர்கள் வீணாகப் பணம் விடுவது இந்த இடத்தில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃப்ரீமான்ட்டில் வீட்டிலிருந்தே கைத்தறிச் சேலைகள் விற்கிறேன். கலிஃபோர்னியாவில் பதிந்தால் வருடம் 800 டாலர் வரி. வயோமிங்கில் 60 டாலரோடு முடிந்துவிடும் என்கிறார் தோழி. அங்கே பதியலாமா?

வேண்டாம். வயோமிங்கில் ஆண்டு அறிக்கைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 60 டாலர் என்பது உண்மைதான். ஆனால் சேலைகள் இருப்பது உங்கள் வீட்டு அலமாரியில். ஆர்டர் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் ஃப்ரீமான்ட்டில். அப்படியானால் கலிஃபோர்னியா சட்டப்படி நீங்கள் அந்த மாநிலத்தில் தொழில் செய்கிறீர்கள். வயோமிங் எல்எல்சியை வெளிமாநில நிறுவனமாக இங்கே பதிய வேண்டும், அதே 800 டாலரையும் இங்கே கட்ட வேண்டும். அதற்கு மேல் வயோமிங் கட்டணம், அங்கே ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டுக்கு (நிறுவனத்துக்கு வரும் சட்டக் கடிதங்களை வாங்கிக்கொள்பவர்) வருடக் கட்டணம். பதியாமல் விட்டால் பின்னால் வரியோடு அபராதமும் சேர்ந்து வரும்.

கலிஃபோர்னியாவிலேயே பதிந்தால் பதிவுக் கட்டணம் 70 டாலர். 90 நாளுக்குள் நிறுவன விவர அறிக்கை ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, தலா 20 டாலர். ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டாக நீங்களே இருக்கலாம். மாநிலத்துக்குள் ஒரு தெரு முகவரி இருந்தால் போதும், தபால் பெட்டி எண் மட்டும் செல்லாது. அந்த முகவரி யாரும் பார்க்கும் பதிவில் வரும், அதற்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேதியையும் கவனியுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பதிந்தால், அந்தச் சில நாட்களுக்கும் ஒரு முழு 800 டாலர் விழும். ஜனவரி பிறந்ததும் அடுத்த வருடத்துக்கு இன்னொரு 800. அவசரம் இல்லையென்றால் ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும்படி பதியுங்கள். அப்புறம், எல்எல்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேலை விற்க மாநில விற்பனை வரித் துறையின் செல்லர்ஸ் பெர்மிட் (விற்பனை அனுமதி) வேண்டும். அது இலவசம்.

நான் எச்-1பி விசாவில் டெக்சஸில் இருக்கிறேன். மனைவிக்கு எச்-4 (எச்-1பி உள்ளவரின் குடும்பத்தாருக்கான) விசாவோடு வேலை அனுமதி அட்டை இருக்கிறது. பரதநாட்டிய வகுப்புக்கு இருவர் பெயரிலும் எல்எல்சி தொடங்கலாமா?

மனைவி பெயரில் மட்டும் தொடங்குங்கள். எச்-1பியில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பது குற்றமில்லை. அந்த நிறுவனத்துக்காக வேலை செய்வதுதான் பிரச்சினை. வகுப்பு அட்டவணை போடுவது, பெற்றோரிடம் ஃபீஸ் வாங்குவது, இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் கை அதில் பட்டுவிடும். பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குடும்பத்தின் குடியேற்றமே உங்கள் விசாவை நம்பி நிற்கும்போது இந்த ஆபத்து தேவையில்லை. மனைவியின் அட்டை காலாவதியானால் புதியது கையில் வரும்வரை அவரும் வகுப்பை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

டெக்சஸில் பதிவுக் கட்டணம் 300 டாலர். ஆண்டு வருவாய் 26.5 லட்சம் டாலருக்குள் (2026, 2027-க்கான வரம்பு) இருக்கும்வரை நிறுவனங்கள் மீதான மாநில ஃபிரான்சைஸ் வரி கிடையாது, ஆனால் மே 15-க்குள் தகவல் அறிக்கை தர வேண்டும். கூட்டாட்சி வரியைப் பொறுத்தவரை ஒருவர் மட்டும் உறுப்பினராக உள்ள எல்எல்சி உரிமையாளரிடமிருந்து பிரிந்த தனி நிறுவனமாகக் கணக்கில் வராது. லாபம் கணவன் மனைவியாக நீங்கள் தரும் கூட்டு வரிப் படிவத்தில், சுயதொழில் லாபத்துக்கான ஷெட்யூல் சி என்ற பகுதியில் ஏறும். அதன் மேல் சுமார் 15.3 சதவீதம் சுயதொழில் வரியும் உண்டு. சம்பளக்காரர்கள் அதிர்ந்துபோவது இதில்தான். மாதாமாதம் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு நான்கு தவணையாக முன்வரி கட்டிவிடுங்கள்.

கோவையில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆப் எழுதித் தருகிறேன். வயோமிங்கில் எல்எல்சி தொடங்கினால் வரியே இல்லை என்று விளம்பரங்கள் வருகின்றன. நம்பலாமா?

பாதியை நம்பலாம். அமெரிக்கக் குடியுரிமையோ விசாவோ இல்லாதவரும் எல்எல்சி வைத்துக்கொள்ளலாம். வேலை முழுவதும் கோவையில் நடந்து, அமெரிக்காவில் அலுவலகமோ ஆட்களோ இல்லையென்றால், அந்தச் சேவை வருமானத்துக்குப் பொதுவாக அங்கே வருமான வரி வராது. விளம்பரம் இதோடு நின்றுவிடுகிறது.

வரி இல்லாவிட்டாலும் படிவம் உண்டு. வெளிநாட்டவர் ஒருவரே முழுதாக வைத்திருக்கும் எல்எல்சி, பெயரளவுக்கு நிரப்பிய 1120 என்ற நிறுவன வரிப் படிவத்தோடு 5472 என்ற படிவத்தையும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-க்குள் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையே நடந்த பணப் போக்குவரத்தை அதில் காட்ட வேண்டும். தொடங்குவதற்கு நீங்கள் கைக்காசு போட்டதும் இதில் அடக்கம். தவறினால் அபராதம் 25,000 டாலர். முதல் வருடம் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதவரும் இதில் மாட்டலாம்.

இந்தியப் பக்கமும் இருக்கிறது. இங்கே வசிப்பவர் என்பதால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்திய வருமான வரி உண்டு. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த எல்எல்சியையும் அதன் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். முதலீடாகப் பணம் அனுப்பும் முன் 2022-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி உங்கள் வங்கி வழியாக எஃப்சி படிவம் கொடுத்து ரிசர்வ் வங்கியின் அடையாள எண் பெற வேண்டும். இதையெல்லாம் முடிக்காமல் கார்டில் பணம் கட்டி நிறுவனம் தொடங்கியவர்கள், பிறகு ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

ஈஐஎன் என்ற நிறுவன வரி அடையாள எண்ணுக்காக யாரிடமும் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்காதீர்கள். ஐஆர்எஸ் அதை இலவசமாகத் தருகிறது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் எஸ்எஸ்-4 படிவத்தை நிரப்பி ஃபேக்ஸில் அனுப்பலாம். அந்த எண் கேட்கும் கட்டத்தில் 'ஃபாரின்' என்று எழுதினால் போதும். வாடிக்கையாளர்கள் உங்கள் இந்தியக் கணக்குக்கே தடையில்லாமல் பணம் அனுப்புகிறார்களா? அப்படியென்றால் உங்களுக்கு எல்எல்சியே தேவையில்லை என்பேன்.

நியூ ஜெர்சியில் கேட்டரிங் நடத்துகிறேன். எல்எல்சி இருப்பதால் என் வீட்டை யாரும் தொட முடியாது, சரிதானே?

அப்படி நினைத்துத் தூங்கிவிடாதீர்கள். உங்கள் ஊழியர் செய்த தவறுக்கோ நிறுவனம் வாங்கிய கடனுக்கோ பொதுவாக உங்கள் வீடு தப்பும். ஆனால் வேனை ஓட்டி விபத்து செய்தவர் நீங்களே என்றால் உங்கள் மீதே வழக்கு வரும். கடை வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பெர்சனல் கியாரண்டி என்று ஒரு தாள் இருந்து, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், வாடகைக்கு நீங்களே பொறுப்பு. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் வேறு செலவுக்கு எடுத்தாலும் ஐஆர்எஸ் உங்களைத் தேடி வரும்.

தினசரிப் பழக்கத்தில்தான் இந்தப் பாதுகாப்பு நிற்கிறது. நிறுவன டெபிட் கார்டில் வீட்டு மளிகை வாங்காதீர்கள். லாபத்தை முதலில் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து செலவு செய்யுங்கள். ஒப்பந்தங்களில் வெறுமே பெயரை எழுதாமல், மேலே எல்எல்சியின் முழுப் பெயர், கீழே உங்கள் கையெழுத்து, அதற்கடியில் 'மெம்பர்' அல்லது 'மேனேஜர்' என்று எழுதுங்கள். ஒரே உறுப்பினர் என்றாலும் ஆபரேட்டிங் அக்ரிமென்ட் (நிறுவனத்தை எப்படி நடத்துவது என்ற ஒப்பந்தம்) ஒன்று எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள், வங்கியும் அதைக் கேட்கும். உணவுத் தொழிலில் லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் (பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு) இல்லாமல் ஒரு நாளும் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

நியூயார்க்கில் எல்எல்சி பதிந்தால் செய்தித்தாளில் விளம்பரம் போட வேண்டும் என்பது உண்மையா?

உண்மை. பதிந்த 120 நாளுக்குள், கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கிளார்க் குறிப்பிடும் இரண்டு பத்திரிகைகளில், தொடர்ந்து ஆறு வாரம் விளம்பரம் வர வேண்டும். பிறகு 50 டாலர் கட்டி அதற்கான சான்றைத் தாக்கல் செய்ய வேண்டும். 200 டாலர் பதிவுக் கட்டணத்தைவிட விளம்பரச் செலவு பல மடங்கு ஆகலாம். கவுன்டிக்குக் கவுன்டி அது மாறும், மன்ஹாட்டனில் மிக அதிகம்.

பதிந்த மறு வாரமே அரசு முத்திரை போல ஏதோ அச்சிட்ட கடிதங்கள் வருகின்றன. பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். பதிவு விவரங்கள் பொதுவில் இருப்பதால் தனியார் நிறுவனங்கள் அவற்றை எடுத்து இப்படி அனுப்புகின்றன. சான்றிதழ், தொழிலாளர் சட்டப் போஸ்டர், ஆண்டு அறிக்கை என்று எதையாவது சொல்லிக் கேட்பார்கள். "இது அரசுக் கடிதம் அல்ல" என்ற வரி பொடி எழுத்தில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். உண்மையில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதை மாநிலத்தின் இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உரிமையாளர் விவரத்தை அமெரிக்க அரசின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென்னுக்குத் தர வேண்டும் என்று மிரட்டும் கடிதங்களும் இதில் சேர்த்தி. 2025 மார்ச்சில் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் பதிந்த எல்எல்சிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.