கிருஷ்ணா தண்ணீர்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினோம். ஆந்திரா வருடம் 12 டிஎம்சி தரவேண்டும் என்று ஒப்பந்தமே இருக்கும்போது ஏன் இந்த நிலை? (வாசகி, கொருக்குப்பேட்டை)

ஒப்பந்தம் இருக்கிறதம்மா, ஆனால் அதிலுள்ள எண் நல்ல வருடத்துக்குத்தான் பொருந்துகிறது. 1976ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுத்தன. வழியில் ஆவியாகிப் போவதும் கசிவதுமாக 3 டிஎம்சியைக் கழித்துவிட்டு, எல்லையில் 12 டிஎம்சி என்று 1983ல் ஆந்திராவோடு கையெழுத்தானது. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. முதல் தண்ணீர் 1996ல்தான் எல்லையிலுள்ள ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டைத் தொட்டது. அதற்கப்புறம் பெரும்பாலான வருடங்களில் 12 வந்து சேர்ந்ததில்லை. கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் அணையில் நீர்மட்டம் ஏறினால்தான் கால்வாய்க்கே தண்ணீர் திரும்பும், அங்கிருந்து சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள், அப்புறம் எல்லை வரைக்கும் 152 கிலோமீட்டர் கால்வாய், நம் பக்கம் பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர். மழை பொய்த்த வருடத்தில் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று எல்லாரும் ஏற்ற ஒரு கணக்கு இல்லாததால், ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதி, அதிகாரிகளை அனுப்பி, கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. அதற்குள் புழல் வறண்டுவிடுகிறது.

கேள்வி: ஒரு டிஎம்சி என்றால் எவ்வளவு? (வாசகர், எண்ணூர்)

நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 2,830 கோடி. சென்னைக்கு ஒரு மாதத்துக்குச் சுமார் ஒரு டிஎம்சி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 12 என்ற எண்ணின் அருமை புரியும்.

கேள்வி: என் மகன் அரிசோனாவில் வேலை பார்க்கிறான். பாலைவனத்திலேயே ஏழு மாநிலங்கள் ஒரே நதியைப் பிரித்துக்கொள்கின்றன என்கிறான். அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? (வாசகர், தண்டையார்பேட்டை)

அவர்களும் நன்றாகவே அடித்துக்கொண்டார்கள் சார். அவன் சொல்வது கொலராடோ நதி. 1922ல் உடன்படிக்கை போட்டபோது மேல்படுகை மாநிலங்களுக்கு நம் கணக்கில் சுமார் 326 டிஎம்சி, கீழ்ப்படுகைக்கும் அதே அளவு என்று எழுதினார்கள், 1944ல் மெக்சிகோவுக்கு இன்னும் 65 சேர்ந்தது. மொத்தம் 700 டிஎம்சிக்கு மேல் காகிதத்தில் பங்கு போட்டாயிற்று. ஆனால் அவர்கள் வைத்துக் கணக்கிட்டது நல்ல மழை பெய்த வருடங்களை. இந்த நூற்றாண்டில் நதியில் வருவதோ சராசரியாக 540 டிஎம்சி அளவில்தான். அந்த மண்ணிலேயே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளை 1922ல் யாரும் பேச்சுக்குக்கூட அழைக்கவில்லை, அது பெரிய அநியாயம், இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. அரிசோனா அந்த உடன்படிக்கையை 1944 வரை ஏற்கவே இல்லை. கலிபோர்னியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பார்க்கர் அணையைத் தடுக்க 1934ல் அதன் ஆளுநர் படையையே அனுப்பினார். பங்கு எவ்வளவு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1963ல்தான் முடிந்தது.

நாம் கற்றுக்கொள்ளவேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது. கொலராடோவின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் இன்ன அளவுக்குக் கீழே போனால் இன்னாருக்கு இவ்வளவு வெட்டு என்று 2007ல் அட்டவணை போட்டார்கள், 2019ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2021 ஆகஸ்டில், அடுத்த வருடம் ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,075 அடிக்குக் கீழே இருக்கும் என்று கணிப்பு வந்ததும் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிப்பு. 2022ல் அரிசோனாவின் பங்கில் சுமார் 18 சதவீதம் போனது. தன் கால்வாய்த் திட்டத்துக்கு நிதி வேண்டுமென்று 1968ல் தண்ணீர் வரிசையில் கலிபோர்னியாவுக்குப் பின்னால் நிற்க அரிசோனா ஒப்புக்கொண்டிருந்தது, அதனால் அந்த வெட்டு அங்கே பருத்தியும் தீவனமும் போட்ட விவசாயிகள் தலையில் விழுந்தது. அது வலிதான், ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது தண்ணீர் குறையும் முன்பே தெரிந்திருந்தது. இந்த விதிகளின் காலம் 2026ல் முடிகிறது, அடுத்ததற்கான பேச்சில் ஏழு மாநிலங்களும் மறுபடி முட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும் மகனிடம் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: கால்வாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களாமே. போலீஸை நிறுத்தினால் சரியாகிவிடாதா? (வாசகர், கொடுங்கையூர்)

எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கிருஷ்ணா தண்ணீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கை சென்னைக்கு மட்டும் போட்ட திட்டம் இல்லை, ராயலசீமா, நெல்லூர் பக்கத்தில் 5.75 லட்சம் ஏக்கர் பாசனமும் அதில் சேர்ந்தது. நமக்கு வருடம் 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. ராயலசீமாவின் அனந்தபூருக்கு அதில் பாதிகூடக் கிடையாது. கண்ணெதிரே அடுத்த ஊருக்குத் தண்ணீர் ஓட, தன் பயிர் காய்வதை எந்த விவசாயி பார்த்துக்கொண்டிருப்பார்? அவர்களுக்கும் முறை வைத்து, அளந்து கொடுத்தால் திருட்டுத்தனமாக இறைக்கவேண்டிய தேவை குறையும். செலவில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு, அதைத் தேதி தவறாமல் கட்டினால்தான் நமக்குக் கேட்க வாய் இருக்கும்.

கேள்வி: வடசென்னைக்காரர்கள் நாங்கள் என்ன கேட்கவேண்டும்? (வாசகி, மணலி)

இரண்டு விஷயம். 2014ல் வந்த கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியத்தில் ஆந்திராவும் தெலங்கானாவும்தான் உறுப்பினர்கள், தமிழ்நாடு இல்லை. அங்கே நமக்கும் ஓர் இடம், கூடவே ஸ்ரீசைலம் நீர்மட்டத்தை வைத்து ஒரு பற்றாக்குறை அட்டவணை, இதை வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். இரண்டாவது, கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையம் 2019லேயே வந்துவிட்டது. உங்கள் மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகள் அந்தத் தண்ணீரில் ஓட ஓட, அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும். அது உங்கள் தெருக் குழாய்க்கு வருகிறதா என்று வார்டு கவுன்சிலரிடம் கணக்கு கேளுங்கள்.