‘என் பால் போதாததால்தான் வந்ததா, டாக்டர்?’

வாசகர் கேள்விகளுக்குத் தருமபுரி குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

என் மகனுக்கு நான்கு வயது. போன மாதம் மூச்சு வாங்கி மயங்கிவிட்டான். மருத்துவமனையில் டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். தினமும் ஊசி போடுகிறோம். இரு வீட்டிலும் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அவன் சிசேரியனில் பிறந்தவன். எனக்குப் பால் போதாமல் இரண்டாம் மாதமே புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தேன். அதனால்தான் வந்தது என்று மாமியார் சொல்லிக் காட்டுகிறார். உண்மையா? ஒரு வயது மகளுக்கும் வந்துவிடுமா?
— வாசகி, பாலக்கோடு

இல்லை, அம்மா. உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது, ஐம்பது வயதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இதற்கு முதல் காரணம் பிறப்பிலேயே வரும் ஹெச்.எல்.ஏ. என்னும் மரபணுக்களின் அமைப்பு. அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஆகவே ‘உன் பக்கம், என் பக்கம்’ என்று யாரும் பேச முடியாது. இந்த நோய் வரும் பிள்ளைகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை.

மரபணு மட்டும் போதாது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு. அப்படியானால் பிறந்த பிறகு ஏதோ ஒன்று தூண்டுகிறது. அது என்ன என்று உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலில் முதலில் சந்தேகப்பட்டது புட்டிப்பாலைத்தான். குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் உள்ள 2,159 குழந்தைகளை 15 நாடுகளில் சேர்த்து, பாதிப் பேருக்கு வழக்கமான பசும்பால் மாவும், பாதிப் பேருக்குப் பால் புரதத்தை நன்றாகச் சிதைத்த மாவும் கொடுத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. இரு பிரிவிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று நார்வே, டென்மார்க் தரவுகள் சொல்கின்றன. ஆனால் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில், நீண்ட காலம் குடித்தவர்களுக்கும் சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள்தான் தாய்ப்பால் கொடுத்திருக்கிறீர்களே!

சிசேரியன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிசேரியனில் பிறந்தவர்களுக்கு இது சுமார் 20 சதவீதம் அதிகம் என்று வந்தது. 20 சதவீதம் என்றதும் பயந்துவிட வேண்டாம். 300 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது 250-ல் ஒருவருக்கு என்று ஆகும், அவ்வளவுதான். அதுவும் சுவீடனில் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்கும் இந்த நோய்க்கும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை.

இப்போது ஓரளவு வலுவாக நிற்கும் சந்தேகம் என்டெரோவைரஸ் என்னும் குடல் வைரஸ்கள் மீதுதான். அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளில் 8,600-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்துவரும் ‘டெடி’ ஆய்வில், அந்த வைரஸ் உடலில் நெடுநாள் தங்கிய குழந்தைகளிடம் இந்தத் தாக்குதல் அதிகம் தொடங்கியிருந்தது. முதல் ஆண்டில் மிக வேகமாக எடை கூடுவதும், மூன்று மாதம் முடிவதற்குள் தானியக் கூழ் ஊட்டுவதும் சில ஆய்வுகளில் ஆபத்தோடு சேர்ந்து வந்திருக்கின்றன. நம் பக்கத்தில் மூன்றாம் மாதமே கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கேழ்வரகு மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆறு மாதம் முடிந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆனால் எந்த வைரஸ் எந்தக் குழந்தைக்குள் தங்கும் என்பதை எந்தத் தாயாலும் தடுத்திருக்க முடியாது.

உங்கள் மகளைப் பற்றி: உடன்பிறந்தவர்களில் 100-க்கு ஐந்தாறு பேருக்கு வருகிறது. மற்றவர்களுக்கு வருவதில்லை. நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தாக்குதலின் அடையாளமாக ரத்தத்தில் சில எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடி) தோன்றிவிடும். அவற்றைப் பரிசோதிக்க முடியும். இரண்டு வகை இருந்தால் பத்தாண்டுகளுக்குள் நோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். நோய் தலைகாட்டுவதைச் சராசரியாக இரண்டாண்டு தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது அந்த அனுமதி எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். உங்கள் மகளுக்கு இப்போது நான் சொல்வது இதை விட எளியது. அடிக்கடி தண்ணீர் கேட்கிறாளா, டயபர் வழக்கத்தை விட நனைகிறதா, எடை இறங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மகனுக்கு வைத்திருக்கும் குளுக்கோமீட்டரிலேயே ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்து, 200-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சு வாங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். இன்சுலின் இல்லாத உடலில் அமிலம் ஏறும்போது குழந்தை ஆழமாக, இடைவிடாமல் மூச்சு விடும். வயிறு வலிக்கிறது என்று அழும், வாந்தி எடுக்கும், வாயில் பழ வாசனை அடிக்கும். நெஞ்சில் சளிச் சத்தமே இருக்காது. ஆனாலும் சளி என்று புகை வைத்து, மாந்தம் என்று மந்திரித்து, கடைசியில் ‘சோர்ந்து கிடக்கிறான், குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று பெற்றோரே கேட்டு வாங்கி ஏற்றிய பிறகு என்னிடம் வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. இந்த நிலையில் குளுக்கோஸ் ஏறினால் சர்க்கரை இன்னும் எகிறும். பாட்டிலைத் தொங்கவிடும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாம்பழ சீசனில் என் பேத்தி நாள் முழுக்க மாம்பழம்தான் தின்றாள். ஆடியில் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.
— வாசகர், காவேரிப்பட்டணம்

ஐயா, இனிப்பு தின்பதால் டைப் 1 வருவதில்லை. அவள் உடலில் அந்தத் தாக்குதல் மாம்பூ பூப்பதற்கு வெகுமுன்பே, ஒருவேளை அவள் தவழ்ந்த வயதிலேயே தொடங்கியிருக்கும். அடுத்த சீசனிலும் அவளுக்கு மாம்பழம் கொடுக்கலாம். எவ்வளவு, அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிதான் காரணம் என்று எங்கள் ஊரில் பேசுகிறார்கள். அடுத்த ஊசிக்கு அழைத்துப்போகலாமா?
— வாசகி, அரூர்

கட்டாயம் அழைத்துப் போங்கள். டென்மார்க்கில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில் தடுப்பூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. மாறாக, கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து உண்டு. அந்த ரூபெல்லாவைத் தடுப்பதே ஒரு தடுப்பூசிதான்.

நான் தாய்மாமனைத் திருமணம் செய்தவள். மகளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே சர்க்கரை கண்டுபிடித்து ஊசி போடுகிறோம். சொந்தத்தில் கட்டியதால்தான் என்கிறார்கள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
— வாசகி, தேன்கனிக்கோட்டை

உங்கள் கடிதத்தில் ‘ஐந்தாம் மாதம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை பெரும்பாலும் மேலே சொன்ன வகை அல்ல. நோய் எதிர்ப்புச் சக்தி செய்த வேலையும் அல்ல. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழையால் வருவது. எந்த மரபணு என்று தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஏனென்றால் இவற்றில் சில வகைகளில் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்ற முடிகிறது. ஊசியிலேயே வளர்ந்த குழந்தைகள் கிளிபென்கிளமைடு என்ற பழைய, விலை குறைந்த மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள்.

சொந்தத்தில் திருமணம் பற்றிய கேள்விக்கும் பதில் அந்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது. சில வகைகள் தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் பிழை சேர்ந்து வருபவை. நெருங்கிய உறவில் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வேறு சில வகைகள் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியவை. அவற்றுக்கும் உங்கள் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் இந்த மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அதுவரை ஊசியை ஒரு வேளைகூட விடக் கூடாது.

எங்களுக்கு மரவள்ளிதான் பிழைப்பு. கிழங்கு சாப்பிட்டால் சர்க்கரை வரும் என்பது சரியா?
— வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

கணையத்தில் கல் சேர்ந்து சர்க்கரை வரும் ஒரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. அதற்கு ஒரு காலத்தில் மரவள்ளியைக் குற்றம் சொன்னார்கள். மரவள்ளியே சாப்பிடாத பகுதிகளிலும் அந்த நோய் இருந்ததால் அந்த வாதம் தளர்ந்துவிட்டது. டைப் 1-க்கும் கிழங்குக்கும் தொடர்பில்லை. நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

எனக்கு வயது 34. ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஒல்லியான உடம்பு. இரண்டாண்டாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டியும் குறையவில்லை. எடையும் இறங்குகிறது. பிறந்தபோது இரண்டு கிலோதான் இருந்தேன் என்று அம்மா சொல்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், ஓசூர்

நான் குழந்தைகள் மருத்துவர்தான் என்றாலும் உங்கள் கேள்வி என் துறையில் தொடங்குவதால் பதில் சொல்கிறேன், தம்பி. குழந்தைகளுக்கு வரும் அதே தாக்குதல் சிலருக்கு முப்பது வயதுக்கு மேல் மெதுவாக நடக்கும். ‘லாடா’ என்பார்கள். தொடக்கத்தில் மாத்திரைக்குக் கேட்பதுபோல் இருக்கும், பிறகு கேட்காது. சுவீடனில் 2010 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வில், மூன்று கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கு, நான்கு கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களை விட இந்த நோய் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. குழந்தைகளின் டைப் 1-ல் இது தலைகீழ்: அங்கே பிறப்பு எடை கூடுதலாக இருப்பதுதான் சிறிதளவு ஆபத்து. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பீட்டா செல்களின் கையிருப்பு குறைவாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடையே மூன்று கிலோவுக்குக் குறைவு. அதை மட்டும் வைத்து உங்களுக்கு இந்த நோய்தான் என்று சொல்ல முடியாது. ஒல்லியான உடல், இறங்கும் எடை, கேட்காத மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் என்னைச் சந்தேகப்பட வைக்கின்றன.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை வருவது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வருகிறது என்பதற்காக மருத்துவரை நேரில் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள், சி-பெப்டைடு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். முதலாவது தாக்குதல் நடக்கிறதா என்று சொல்லும்; இரண்டாவது, உடலில் இன்சுலின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். முடிவு வரும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் வாந்தியோ மூச்சு வாங்குவதோ வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். இன்சுலின்தான் வேண்டும் என்றாலும் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.