அச்சுக்குறிகளின் பெயர்கள் ஓரிடம் தள்ளி விழுவது பற்றி

வணக்கம். பைத்தான் மொழியில் வரைபடங்கள் வரைய உதவும் நிரலகமான மேட்பிளாட்லிப்பில் 0 முதல் 100 வரையிலான தரவை வரைந்து, கிடையச்சின் குறிகளுக்குப் பெயரிடும் 'செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ்' கட்டளை வழியாக ஆறு பெயர்களைக் கொடுத்தால், முதல் பெயர் காணாமல் போய் மற்றவை ஓரிடம் தள்ளி விழுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டளை எழுத்தை மட்டுமே மாற்றுகிறது; குறிகளின் இடத்தை நிரலகம் தானாகவே தீர்மானிப்பதால், தரவின் இருபுறமும் விடப்படும் 5 விழுக்காட்டு ஓரத்தையும் சேர்த்துக்கொண்டு அது −20இலும் ஒரு குறியை வைக்கிறது. கண்ணில் படாத அந்தக் குறிக்கே உங்கள் முதல் பெயர் போய்ச் சேர்கிறது. ஆகவே 'செட்_எக்ஸ்டிக்ஸ்' கொண்டு 0, 20, 40 என 100 வரை இடங்களை நிலைநிறுத்தி, அதே அழைப்பில் 'லேபிள்ஸ்' உள்ளீடாகப் பெயர்களைத் தாருங்கள்; 3.5ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் இருப்பார்களானால், குறியின் மதிப்பிலிருந்தே பெயரைக் கணக்கிடும் 'ஃபங்க்ஃபார்மேட்டர்' முறையையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.