பிரெடி வெர்சஸ் ஜேசன்: முந்தைய 17 படங்களும் தேவையா?

பிரெடி, ஜேசன் என்ற இரண்டு திகில் பட வில்லன்கள் மோதும், 2003-இல் வந்த பிரெடி வெர்சஸ் ஜேசன் படத்துக்கு முன்னால், பிரெடியின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', ஜேசனின் 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' என்ற இரண்டு தொடர்களிலும் சேர்த்து 17 படங்களையும் பார்த்தாக வேண்டுமா, கையில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். 1984-இல் வெஸ் கிரேவன் எடுத்த முதல் பிரெடி படத்தைக் கட்டாயம் பாருங்கள், கனவுக்குள் வந்து கொல்பவனுக்கு ஊரார் பயம்தான் பலம் என்பது மனதில் பதிந்தால்தான், எல்லோரும் தன்னை மறந்துவிட்டதால் அவன் ஏன் ஜேசனை எழுப்பி அனுப்புகிறான் என்பது சரியாகப் புரியும். ஜேசனுக்கு 1980 படமும், அவன் ஹாக்கி முகமூடி மாட்டும் மூன்றாம் பாகமும் போதும். அப்புறம் நேரமிருந்தால் பிரெடி மூன்றாம் பாகம், அதில் வரும் கனவைத் தடுக்கும் மருந்து இங்கேயும் வருகிறது. பிரெடியாக நடிக்கும் ராபர்ட் இங்லண்டின் குரலுக்காகவாவது ஆங்கிலத்திலேயே பாருங்கள், டப்பிங் வேண்டாம்.